பாராடங் சேற்றில் ஊறும் நீர்: நாட்குறிப்பு

18 ஜனவரி 2023, போர்ட் பிளேர்

சேற்று எரிமலையின் நீரையும் வாயுவையும் பிடிக்க நாளை விடியுமுன் பாராடங் தீவுக்குக் கிளம்புகிறோம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து வரிசையாகத்தான் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் விடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வனத்துறை அனுமதிக் கடிதம் பையில் இருக்கிறது. மாலை முழுக்க பாட்டில் கழுவும் வேலை. உலோக அயனிகளை அளக்கும் பாட்டில்கள் அமிலத்தில் ஊறியவை. குளோரைடு, சல்பேட்டுக்கு வெறும் தூய நீர்தான்.

ஓட்டுநர் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். “சேத்தை அள்ளுறதுக்கா சார் இவ்வளவு பாட்டில்?” என்று கேட்டார். அந்தச் சேற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரும் வாயுவும்தான் எங்களுக்கு வேண்டும் என்றேன். “அப்போ கீழே நெருப்பு இல்லையா?” இங்கே வரும் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள்.

19 ஜனவரி, பாராடங்

நெருப்பு இல்லை. குமிழி விடும் சேற்றில் வெப்பமானியை இறக்கினால் காற்றின் வெப்பத்தை ஒட்டியே காட்டுகிறது. ஒரு பெரிய குமிழி எழும்பி உடையும், கொஞ்சம் சாம்பல் நிறச் சேறு வழியும், அப்புறம் காத்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியே நின்ற சுற்றுலாப் பயணிகள் சிலர் “இவ்வளவுதானா” என்று திரும்பிவிட்டார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 2003 பிப்ரவரியில் இது பெரிதாகச் சீறியது; 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்குப் பிறகும் சேறு கொட்டியது. அமைதியான நாளில்கூட இங்கே வெளியே வருவது, இந்தியத் தட்டு பர்மா தட்டின் அடியில் நுழையும் இடத்திலிருந்து வரும் சரக்கு. ஆட்டுக்கல்லில் மாவை வழிப்பது போல, உள்ளே போகும் தட்டின் முதுகில் படிந்த கடல் வண்டலை மேல்தட்டின் விளிம்பு வழித்துக் குவிக்கிறது. அந்தமான் தீவுகள் பெரும்பாலும் அப்படிக் குவிந்து உயர்ந்தவைதான். அந்தக் குவியலுக்குள் கடலடியில் துளையிட்டுப் பார்க்க பெரிய கப்பலும் பெரும் பணமும் வேண்டும். இங்கே அதன் நீர் தானாகவே ஏறி வருகிறது.

வாயு பிடிப்பது நிதானமான வேலை. பாட்டிலைச் சேற்று நீரால் நிரப்பி, தலைகீழாக அமிழ்த்தி, புனலைக் குமிழியின் மேல் பிடிக்க வேண்டும். வாயு ஏற ஏற நீர் இறங்கும். கொஞ்சம் நீரை உள்ளேயே விட்டு, நீருக்கடியிலேயே ரப்பர் மூடியை அழுத்தி, தலைகீழாகவே பெட்டியில் வைக்கிறோம். காற்று கலந்தால் எல்லாம் போச்சு.

20 ஜனவரி

வடிகட்டுவதிலேயே நாள் கழிந்தது. களிமண் அவ்வளவு நுண்மை, 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாள் உடனே அடைத்துக்கொள்கிறது. முதலில் சுழற்றித் தெளியவைத்து, பிறகு வடித்தோம்.

9 மார்ச், ஆய்வகம்

உப்பின் அளவைக் காட்டும் குளோரைடு முடிவு வந்துவிட்டது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் இருக்கும். நம் நீர் அதை எட்டவில்லை. ஆனால் நன்னீரும் இல்லை, நன்றாகவே உப்பு. வண்டல் கடலடியில் படிந்தபோது துளைகளில் சிக்கிய பழைய கடல்நீரோடு வேறொரு நன்னீர் கலந்திருக்கிறது. சல்பேட்டும் மிகக் குறைவு. கடலடி வண்டலில் நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தின்னும்போது சல்பேட்டும் செலவாகிறது, பதிலுக்குப் பைகார்பனேட் கூடுகிறது. அதெல்லாம் எதிர்பார்த்ததே. அந்த நன்னீர் எது என்பதுதான் கேள்வி.

மூன்று பேர் மேல் சந்தேகம். ஒன்று மழை. இரண்டாவது, கடலடியில் மீத்தேனை அடைத்து உறைந்திருக்கும், பனி போன்ற மீத்தேன் ஹைட்ரேட் உருகிய நீர். மூன்றாவது, களிமண்ணின் படிகத்துக்குள்ளிருந்து வரும் நீர். ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு இடையில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். புதைந்து சூடேறி, சுமார் 60 முதல் 150 டிகிரிக்குள் அது இல்லைட் என்ற வேறு களிமண் கனிமமாக மாறும்போது அந்த நீர் வெளியேறுகிறது. குளோரைடு மட்டும் பார்த்தால் மூவரும் ஒரே மாதிரிதான், மூவருமே உப்பைக் குறைப்பவர்கள்.

27 மார்ச்

ஐசோடோப் முடிவுகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம். காலையிலிருந்து இதே வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழை கலந்திருந்தால் கனமான ஆக்சிஜனும் (ஆக்சிஜன்-18) கனமான ஹைட்ரஜனும் (டியூட்டீரியம்) இரண்டும் குறைய வேண்டும். ஹைட்ரேட் உருகியிருந்தால் இரண்டும் கூட வேண்டும், ஏனென்றால் உறையும்போது கனமானவை படிகத்துக்குள் போய்விடும். நம் புள்ளிகள் இரண்டு பக்கமும் போகவில்லை. கடல்நீரோடு ஒப்பிட்டால் ஆக்சிஜன்-18 கூடியிருக்கிறது, டியூட்டீரியம் குறைந்திருக்கிறது. களிமண் நீர் காட்டும் திசை அதுவே. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் 2013-இல் அந்தமான் சேற்று எரிமலைகள் பற்றி எழுதிய கட்டுரையிலும் களிமண் நீர் என்ற முடிவுதான். தாகம் தீர்க்காத இந்த உப்பு நீரில் ஒரு பகுதி, நேற்றுவரை கல்லின் உடம்பாக இருந்தது என்று நினைக்கையில் சிலிர்க்கிறது.

ஆழம் எவ்வளவு? கண்டங்களில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25-30 டிகிரி ஏறும். அப்படிப் பார்த்தால் 60 டிகிரிக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அமிழும் தட்டு குளிர்ந்தது, அதனால் இங்கே இன்னும் ஆழம் என்பதே என் கருத்து. அடுத்தது போரான். நன்னீர் கலந்தால் குறைய வேண்டிய போரான், பல சேற்று எரிமலை நீர்களில் கடல்நீரைவிடக் கூடுதலாக இருக்கிறது. சூடேறும் களிமண் அதையும் சேர்த்தே விடுவதுதான் காரணம்.

18 ஏப்ரல்

வாயுவில் மீத்தேனே ஆட்சி. அதன் கார்பன் ஐசோடோப் மதிப்பு (கனமான கார்பன் ஒரு தரமாதிரியைவிட எவ்வளவு குறைவு என்பது) ஆயிரத்துக்கு -60-க்கும் கீழே போனால் நுண்ணுயிர் உண்டாக்கியது, -50-க்கு மேலே வந்தால் வெப்பம் சமைத்தது என்பது பொது வழக்கு. நம்முடையது இரண்டாம் வகை. வெப்பம் சமைத்த வாயுவோடு சேர்ந்து வரும் ஈத்தேன் மிகக் குறைவாக இருப்பதை வைத்து, நுண்ணுயிர் வாயுவாக இருக்குமோ என்று உடன் ஆய்பவர் கேட்டார். மேலே ஏறும் வழியில் ஈத்தேனை களிமண் ஓரளவு பிடித்துக்கொள்ளும். சேற்று எரிமலை வாயு அதன் மூலத்தேக்கத்தைவிட உலர்ந்ததாக, அதாவது ஈத்தேன் குறைந்து வருவது அஜர்பைஜானிலும் இத்தாலியிலும் பார்த்ததுதான். விகிதத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது ஆபத்து. ஐசோடோப்பை நம்புகிறேன்.

2 மே

ஹீலியம் மாதிரிகள் இன்று கிளம்பின. ஹீலியம் கண்ணாடியையே ஊடுருவிக் கசியும், அதனால் செப்புக் குழாயில் நிரப்பி இரு முனையையும் நசுக்கி அடைத்திருக்கிறோம். 2006 மே 29 முதல் கிழக்கு ஜாவாவின் சிதோவார்ஜோவில் கொப்பளிக்கும் லூசி என்ற சேற்று ஊற்று ஏறக்குறைய 100 டிகிரி சூடு. அதன் ஹீலியம் பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகத்திலிருந்து வந்த கலப்பைக் காட்டுகிறது, பக்கத்து எரிமலைத் தொகுதியோடு தொடர்பு என்பதற்கு அது வலுவான சான்று. நமக்கும் கிழக்கே கடலில் பேரன் தீவு இருக்கிறது, 1991-க்குப் பிறகு அடிக்கடி விழித்துக்கொள்ளும் நிஜ எரிமலை. ஆனால் பாராடங் அந்த எரிமலை வரிசைக்கு முன்னால், வண்டல் குவியலின் மேல் இருக்கிறது. இங்கே ஹீலியம் மேலோட்டுப் பாறைகளின் யுரேனியமும் தோரியமும் சிதைந்து பிறந்ததாகவே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டிவைத்தேன். எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.