விளக்கும் தூணும் நான் போட்ட அப்ரைசலும்

பிலிப்பைன்ஸ்ல, மணிலாவுல மக்காத்தி பக்கம் ஒரு பிபிஓ ஆபீஸ்ல 2016-ல இருந்து 2018 வரைக்கும் டீம் மேனேஜரா இருந்தேன், முழுக்க நைட் ஷிஃப்ட். அங்க நான் பண்ண ஒரு தப்பு இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதுக்குள்ள என்னை இழுத்துட்டு போனது எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு சொலவடை.

அந்த ஊரு மொழி தாகலோக்ல அம்மாவ 'இலாவ் நங் தஹானன்'னு சொல்வாங்க, வீட்டு விளக்கு. அப்பா 'ஹலிகி நங் தஹானன்', வீட்டுத் தூண். அங்க சின்ன பிள்ளைங்களுக்கு கூட தெரியும். நம்ம ஊர்லயும் "வீட்டுக்கு விளக்கேத்த ஒருத்தி வேணும்"னு சொல்லித்தானே பொண்ணு தேடுறோம், அதனால இத முதல்ல கேட்டப்போ ஏதோ சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருந்துச்சு. ஹலிகின்னா சும்மா அலங்காரத் தூண் இல்லங்க. அவங்க பழைய வீடு பாஹாய் குபோ, மூங்கிலும் நிப்பா ஓலையும், தரைய விட்டு தூக்கி கால் மேல நிக்கும், சுவரு வெறும் தட்டி தான், பாரம் மொத்தமும் அந்தக் கால் மேல. அந்தக் கால் தான் ஹலிகி. தஹானன்ங்கிற வார்த்தைக்குள்ளயும் ஒரு 'தஹான்' இருக்கு. அழுவுற குழந்தைய தோள்ல போட்டு "தஹான் நா, தஹான் நா"ன்னு தட்டிக்குடுப்பாங்க, அழாத கண்ணுன்னு. அழுகை நிக்கிற இடம் தான் வீடுன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டேன், இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் டீம்ல நாப்பது வயசு பக்கம் ஒரு அக்கா இருந்தாங்க, எல்லாரும் 'ஆத்தே'ன்னு தான் கூப்பிடுவோம், அக்கான்னு அர்த்தம். ராத்திரி ஒரு மணிக்கு லன்ச் பிரேக், பேன்ட்ரில அவங்க டப்பாவ திறந்தா அடோபோங்கிற கறி வாசனை, வினிகரும் பூண்டும் சோயா சாஸும் சேர்ந்து வருமே அந்த வாசனை, தனியா ஒரு சின்ன டப்பால தக்காளி நறுக்கி வச்சிருக்கும். எல்லாம் அவங்க வீட்டுக்காரர் சமைச்சது. அவருக்கு வேலை போயி ரொம்ப நாளாச்சு. வேலை இல்லாம அலையறவங்கள அங்க 'நக்பிபிலாங் நங் போஸ்தே'ன்னு சொல்வாங்க, கம்பம் எண்ணிக்கிட்டு திரியறான்னு. வீட்டுக்கு தூணா நிக்க வேண்டியவன் தெருவுல தூண எண்ணிக்கிட்டு போறான், யோசிச்சா எவ்ளோ கொடுமையான பேச்சு. டீம் பசங்க அவர 'ஆண்டர் தே சாயா'ன்னும் சொல்வாங்க, பாவாடைக்கு கீழ இருக்கிற ஆளுன்னு. நம்ம ஊரு 'பொண்டாட்டி முந்தானைய பிடிச்சுக்கிட்டு'ங்கிற அதே ஏளனம் தான். ஆத்தே சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவாங்க, ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாங்க.

அந்த வருஷம் ஒரே ஒரு சீனியர் போஸ்ட் வந்துச்சு. ரெண்டு பேரு. ஒண்ணு ஆத்தே, இன்னொண்ணு ஒரு பையன், கல்யாணம் ஆகி மனைவி முழுகாம இருந்தாங்க. போன் கால் குவாலிட்டில ஆத்தே தான் மேல, அதுல சந்தேகமே கிடையாது. மீட்டிங்ல நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் ஹலிகி நங் தஹானன், குழந்தை வேற வரப்போகுது, அவனுக்கு குடுக்கலாம்." அந்த ஊரு பேச்ச நான் சொன்னதுல எல்லாருக்கும் சந்தோஷம், தலைய ஆட்டுனாங்க, முடிஞ்சு போச்சு. அந்தக் குடும்பத்துல அஞ்சு பேரு ஆத்தே சம்பளத்துல சாப்பிடுறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு கூட எனக்கு தோணல.

சொன்னப்போ ஆத்தே "ஒகே லாங் போ, சார்"னாங்க, பரவாயில்லங்க சார்னு அர்த்தம். அது மாசம் பதிமூணாம் தேதி. அங்க சம்பளம் பதினஞ்சும் மாசக் கடைசியும், அதுக்கு முன்னாடி கை காஞ்சு போற நாளுங்களுக்கு 'பெத்சா தே பெலிக்ரோ', ஆபத்து தேதின்னு பேரு. அன்னைக்கு டப்பால அடோபோ இல்ல, சோறும் ஒரு கருவாடும் தான். அப்போ தான் மெதுவா சொன்னாங்க, "சார், எங்க வீட்ல ஹலிகி நான் தான். இலாவ் அவரு."

எனக்கு சோறு இறங்கல.

அப்புறம் தான் இந்த சொலவடைய வெளிய இருந்து பாக்க ஆரம்பிச்சேன். 1987-ல போட்ட அவங்க குடும்பச் சட்டத்துல 211-வது பிரிவு, பிள்ளைங்க மேல அதிகாரம் அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் சேர்த்து தான்னு சொல்லுது, ஆனா கருத்து வேற வேறயா இருந்தா, கோர்ட் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் அப்பா முடிவு தான் செல்லும். தூண் சட்டத்துக்குள்ளயும் நிக்குது. நிஜத்துல பாத்தா, என் டீம்லயே இன்னொரு பையனோட அம்மா ஹாங்காங்ல வீட்டு வேலை, அவன வளர்த்தது பாட்டி. அம்மாவ பத்தி பேசும்போது அவன் விளக்கு, தூண்னெல்லாம் சொன்னதே இல்ல, 'காயோத் கலபாவ்'னு தான் சொல்வான், எருமை மாதிரி உழைக்கிறவங்கன்னு. அந்தம்மாவுக்கு அது தான் சரியான வார்த்தைன்னு எனக்கு படுது.

அடுத்த அப்ரைசல்ல பேப்பர்ல நம்பர் மட்டும் தான் எழுதினேன், யாரு வீட்ல யாரு என்னன்னு ஒரு வரி கிடையாது. ஆத்தேக்கு கிடைச்சுது, ஆனா எட்டு மாசம் லேட்டு. அந்த எட்டு மாச வித்தியாசத்த நான் திருப்பி குடுக்க முடியல.

அதுக்கு ஆத்தே டீமுக்கு ட்ரீட் வச்சாங்க. காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு லாபிக்கு போனா அவங்க வீட்டுக்காரர் நிக்கிறாரு, மழைல சட்டை தோள்பட்டை நனைஞ்சு ஒட்டியிருக்கு, கைல ஒரு பிலாவ், நம்ம முறம் மாதிரி மூங்கில்ல வட்டமா பின்னுனது, வாழை இலை போட்டு அது நிறைய பான்சிட்ங்கிற நூடுல்ஸ், ஓரத்துல சுத்தி கலமான்சி, அவங்க ஊரு குட்டி எலுமிச்சை, பாதி பாதியா வெட்டி அடுக்கி வச்சிருந்தார். ஒரு பக்கத்த நான் பிடிச்சேன், லிஃப்ட் வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கிட்டு போனோம். நான் மன்னிப்பு கேக்கணும்னு வாய திறக்கறதுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு, உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும் சார், கலமான்சிய நல்லா பிழிஞ்சுக்கோங்கன்னாரு.