மண்டபத்தில் 22 வாரம்: கடிகாரம் ஒரு பக்கம், கனம் ஒரு பக்கம்

ராமேஸ்வரம் பக்கத்து ஊரான எங்கள் மண்டபத்தில், முதல் 12 வாரம் கிராஸ்ஃபிட் பாணியில், அதாவது கடிகாரத்தோடு போட்டிபோட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் உடற்பயிற்சி. அளவுகோலாக 'சிண்டி'யை வைத்துக்கொண்டேன்: 5 புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), 10 தண்டால், எடையில்லாமல் 15 ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) சேர்ந்தது ஒரு சுற்று. 20 நிமிடத்தில் எத்தனை சுற்று முடிகிறது என்று எண்ண வேண்டும். முதல் வாரம் 9. பன்னிரண்டாம் வாரம் 15. இடுப்பில் பழைய பேன்ட் நிற்கவில்லை.

ஆனால் எடைத்தட்டு மாட்டிய இரும்புக் கம்பியான பார்பெல்லைத் தோளில் வைத்தால் கதை வேறு. 80 கிலோவில் ஐந்து முறை ஸ்குவாட் செய்துகொண்டிருந்தவன், 12 வாரம் வியர்த்துக் கொட்டியும் 82.5-ஐத் தாண்டவில்லை. முழுப் பலத்துக்குத் தசை நம்பியிருப்பது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள் கையிருப்பை. சில நொடிகளில் தீர்ந்துவிடும் அது மறுபடி நிறைய மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கடிகாரத்தைத் துரத்துகிறவனுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. கால் தளர்வதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடுகிறது. பிறகு கால் எதற்காக வளரும்?

அடுத்த 10 வாரம் தலைகீழாக மாற்றினேன். வாரம் மூன்று நாள். பார்பெல்லோடு ஸ்குவாட், பெஞ்ச் (படுத்துக்கொண்டு மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது). ஐந்து முறை செய்தால் ஒரு செட், அப்படி ஐந்து செட். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம் கயிற்றுக் கட்டிலில் உட்காருவேன். "பயிற்சி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருக்கிறாயே" என்றார் அம்மா. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது கணக்கு. சூடை மீனும் நெத்திலியும் கிடைக்கும் ஊரில் அதற்காக டப்பா மாவு வாங்க மனம் வரவில்லை. ஏழாம் வாரம் பேராசைப்பட்டு டெட்லிஃப்டில் ஒரேயடியாகப் 10 கிலோ கூட்டி, நான்கு நாள் குனிய முடியாமல் கிடந்தேன். ஆனாலும் பத்தாம் வார முடிவில் ஸ்குவாட் 105. சட்டை தோளில் பிடித்தது. அதே வாரம் சிண்டி செய்தேன்: 11 சுற்று, கடைசிச் சுற்றில் கண் இருட்டியது.

நம் ஊர்களில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டவனிடம் யாரும் நிமிடக் கணக்குக் கேட்டதில்லை. அந்தத் தெம்பில்தான் ஒரு ஞாயிறு வடகடலில் மாமாவோடு கரைவலை இழுக்கப் போனேன். கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மணலில் புதையும். முதல் பத்து நிமிடம் நான்தான் ராஜா. அதன்பிறகு முழங்கை முதல் மணிக்கட்டு வரை கல்லாக இறுகியது, விரல் விரியவில்லை. மாமா தொடங்கிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, கயிற்றைத் தூக்காதே, உடம்பைச் சாய்" என்றார். சாய்ந்தேன், பாதிச் சுமை கயிற்றிலேயே நின்றது.

இரண்டையும் முழு வேகத்தில் சேர்த்துச் செய்யும் எண்ணம் இல்லை. 1980-ல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் சிலரை 10 வாரம் அப்படிச் செய்ய வைத்துப் பார்த்தார். சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழு வாரம் போல ஏறி, பிறகு நின்று, கடைசியில் இறங்கியது. அவர்கள் வாரத்தில் பல நாள் ஓடியும் மிதித்தும் தீர்த்தவர்கள். எனக்கு ஒரு நாள் போதும். எனவே திங்கள், புதன், வெள்ளி கனம். சனிக்கிழமை மட்டும் சிண்டி.

இப்போது மூன்றாவது வாரம். ஸ்குவாட் 107.5, சிண்டி 13. கடல் உப்பைச் சுமந்து வரும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இரண்டு நாள் துடைக்காத பார்பெல்லின் சொரசொரப்பில் துரு பூத்து, இன்று காலை உள்ளங்கை முழுக்கச் செங்காவி. தேங்காய் எண்ணெய் வழுக்குகிறது. பித்தளைத் தூரிகையோடு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சீசா வாங்கிவர வேண்டும்.