நிரம்பிய பட்டையிலிருந்து தொடங்குங்கள்: பட்டைக் கொள்கையைப் படித்த அனுபவம்

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில், மெக்னீசியம் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று புறத்தேர்வாளர் கேட்டார். உலோகம் என்பதால் என்றேன். மெக்னீசிய அணுவின் 3எஸ் மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால், திண்மத்தில் அந்த மட்டங்கள் சேர்ந்து உருவாகும் ஆற்றல் நிலைகளின் தொகுதியான 3எஸ் பட்டை முழுவதும் நிரம்பிவிடுமே, பிறகு எப்படிக் கடத்தும் என்று அவர் தொடர்ந்தபோது என்னிடம் பதில் இல்லை. கடத்தி, குறைக்கடத்தி, காப்பான் ஆகிய மூன்றின் பட்டைப் படங்களையும் பிழையின்றி வரையத் தெரிந்திருந்தும் அவை எதைச் சொல்கின்றன என்பது எனக்குப் புரிந்திருக்கவில்லை.

படங்களிலிருந்து படிக்கத் தொடங்கியதே என் தவறு. முழுதும் நிரம்பிய பட்டையால் மின்னோட்டம் தர முடியாது என்பதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அத்தகைய பட்டையில் ஒரு திசையில் செல்லும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் செல்லும் இன்னோர் எலக்ட்ரான் உண்டு. மின்புலத்தைச் செலுத்தினாலும், போய் அமர்வதற்குக் காலியான நிலை எதுவும் இல்லாததால், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்னும் பவுலியின் தவிர்ப்புத் தத்துவம் அந்தச் சமநிலையைக் குலையவிடாது. 1931-இல் இயற்பியலாளர் ஆலன் வில்சன் உலோகத்தையும் காப்பானையும் பிரித்து விளக்கியது இந்தக் கருத்தைக் கொண்டுதான். சோடியத்தின் 3எஸ் பட்டை பாதியே நிரம்பியிருப்பதால் அது கடத்துகிறது. மெக்னீசியத்திலோ 3எஸ் பட்டையின் மேற்பகுதியும் 3பி பட்டையின் அடிப்பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், எலக்ட்ரான்கள் இரண்டிலும் பரவி, இரண்டுமே குறையாக நிரம்பியவையாகின்றன.

அடுத்து, நிரம்பிய பட்டைக்கும் அதற்கு மேலுள்ள காலிப் பட்டைக்கும் நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளியின் எண்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல் ஒருமுறையாவது கணக்கிட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில், போல்ட்ஸ்மான் மாறிலியைத் தனிவெப்பநிலையால் பெருக்கினால் 0.026 எலக்ட்ரான் வோல்ட் வரும். இடைவெளியோ சிலிக்கானுக்கு 1.12, வைரத்துக்கு 5.5 எலக்ட்ரான் வோல்ட். பார்வைக்கு ஐந்து மடங்குதான் வேறுபாடு. ஆனால் மேலே போகும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் காரணியில், இடைவெளியின் பாதியை 0.026-ஆல் வகுத்து வரும் எண் எதிர்க்குறியோடு e-இன் அடுக்குக்குறியில் அமர்வதால், சிலிக்கானுக்கு அந்தக் காரணி ஆயிரம் கோடியில் ஏறத்தாழ நான்கு பங்காகவும், வைரத்துக்குத் தசமப் புள்ளிக்குப் பின் 45 சுழியங்களுக்குக் குறையாத ஓர் எண்ணாகவும் வருகிறது. கால்குலேட்டரில் இதைக் கண்ட பிறகுதான் வைரம் ஏன் காப்பான் என்பது எனக்கு உறைத்தது.

செய்முறையில் இன்னொரு சிக்கலைச் சந்தித்தேன். ஆற்றல் இடைவெளியை அளப்பதற்காக, ஜெர்மானியம் டையோடைப் பின்னோக்குச் சார்பில் (மின்னோட்டத்தை எளிதில் விடாத திசையில்) இணைத்து, எண்ணெய் நிறைந்த பீக்கரில் வெப்பநிலைமானியோடு சேர்த்து அமிழ்த்தி, மைக்ரோ அம்மீட்டர் காட்டும் மின்னோட்டத்தின் பத்தடிமான மடக்கையை, ஆயிரத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து வரும் எண்ணுக்கு எதிராக வரைந்தேன். சாய்வு 3.5 அளவில் இருந்தது. அதை 0.397-ஆல் பெருக்கியதால் ஆற்றல் இடைவெளி 1.4 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. ஜெர்மானியத்தின் மதிப்பு 0.67 தான். நான் எடுத்தது தெர்மிஸ்டர் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் குறைக்கடத்திக் கருவி) சோதனைக்கான எண், டையோடுக்கு 0.198-ஆல் பெருக்க வேண்டும்.

இந்த இரண்டு மடங்கு வேறுபாட்டின் காரணம் இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தெர்மிஸ்டரின் கடத்துதிறன் மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓர் எலக்ட்ரான் மேலே போகும்போது கீழே அது விட்டுச்சென்ற காலியிடமான ஒரு துளையும் பிறப்பதால், அந்த எண்ணிக்கையின் அடுக்குக்குறியில் இடைவெளியின் பாதிதான் வருகிறது. பின்னோக்குச் சார்பில் நான் அளந்த, ஜெர்மானியம் டையோடின் பின்னோக்குத் தெவிட்டு மின்னோட்டமோ அந்த எண்ணிக்கையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பாதி மறைந்து முழு இடைவெளியும் வந்துவிடுகிறது. இதைக் கேட்காத தேர்வாளர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். கேட்காவிட்டாலும் பதிவேட்டில் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

அளவீடுகளைச் சூடாக்கும்போது எடுக்காமல், அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய் மெல்ல ஆறும்போது ஐந்தைந்து டிகிரி இறக்கத்தில் எடுங்கள். சூடேறும்போது டையோடின் உள்ளிருக்கும் சந்தி எண்ணெயைவிடப் பின்தங்கியே இருக்கும் என்பதால் என் முதல் வரைபடம் வளைந்து போயிற்று. ஆறும்போது எடுத்த புள்ளிகள் அடிக்கோலை வைத்ததுபோல் ஒரே கோட்டில் விழுந்தன.