பைன் ரிட்ஜின் பழைய டோப்போ ஷீட்டைப் படித்த கதை

ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை) புராஜெக்ட்டுக்கு, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய பகுதியான பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனை எடுத்துக்கொண்டேன். ஓக்லாலா லகோட்டா மக்கள் வாழும் புல்வெளிச் சமவெளி. 1942-ல் அமெரிக்க அரசு இதில் ஏறக்குறைய 3,40,000 ஏக்கரைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த வீடுகள் எங்கே இருந்தன என்று குறிப்பதுதான் என் வேலை.

டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் வரைபடம், கிடைப்பது சுலபம். அமெரிக்க நில அளவைத் துறையின் டோப்போவியூ தளத்தில் 1884 முதல் 2006 வரையான தாள்கள் இலவசம். இடக்குறிப்போடு வரும் படமான ஜியோடிஃப் கோப்பாக இறக்கினால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தானாகவே இடத்தில் உட்கார்ந்துவிடும். பழைய தாள்கள் 1927 டேட்டத்தில் (இடங்களின் ஆயங்களைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை) இருப்பவை. அதை மென்பொருளிடம் சரியாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சாலைகள் செயற்கைக்கோள் படத்திலிருந்து சில பத்து மீட்டர் தள்ளி நிற்கும்.

தாளைப் படிப்பதில்தான் நேரம் போனது. முதலில் ஓரத்தைப் படியுங்கள். வான்படம் எடுத்த ஆண்டு, களத்தில் சரிபார்த்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று ஒரே தாளில் மூன்று ஆண்டுகள் இருக்கும். ஊதா நிறத்தில் இருப்பது பின்னாளில் வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தது. யாரும் நேரில் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். நிரம்பிய கறுப்புச் சதுரம் வீடு, உள்ளே வெறுமையாக இருந்தால் கொட்டகை. விட்டுவிட்டு ஓடும் நீலக்கோடு, மழைக்கு மட்டும் தண்ணீர் காணும் ஓடை. அரித்துப்போன கரடுமுரடான பேட்லேண்ட்ஸ் பக்கம் சம உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மையைக் கொட்டியது போல் இருக்கும், கண் வலித்துவிடும்.

எனக்குக் கிடைத்த 1:24,000 அளவுத்திட்டத் தாள்கள் எல்லாமே 1942-க்குப் பிந்தியவை. காலி செய்யப்பட்ட வீடு அதில் எப்படி இருக்கும்? அமெரிக்கப் படையோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையையும், அந்தப் படை நடத்திய 1890 வூண்டட் நீ படுகொலையையும் தாண்டி வந்த லகோட்டாக்காரர் டூயி பியர்டுகூட இந்தப் பயிற்சிக்களத்துக்காக வெளியேற்றப்பட்டவர்தான். இப்படிப்பட்ட தாளில் அவர் நிலத்தைத் தேடுவதில் பயனில்லை.

ஆனால் தாளில் சிவப்பில் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்கள் உண்டு; நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த அமெரிக்க அளவை முறையின் எண்கள் இவை. ஒரு செக்‌ஷன் சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அந்த எண்களை நில மேலாண்மைத் துறையின் பழைய பட்டா ஆவணத் தளத்தில் போட்டால், பழங்குடியினருக்குத் தனித்தனியே பிரித்துக் கொடுத்த மனைகளின் பட்டாக்கள் பெயரோடு வரும். புராஜெக்ட்டின் மீதியை அங்கிருந்துதான் செய்தேன்.