நிழல்வலையை எடை பார்த்து வாங்குங்கள்

ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் தக்காளி நாற்றுப் பண்ணை போடுகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி: "அம்பது பர்சன்ட் வலை சதுர மீட்டர் என்ன விலைங்க?" கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. ஐம்பது என்பது வெயிலில் எவ்வளவு மறைக்கும் என்ற கணக்கு. வலைக்குள் எவ்வளவு நூல் இருக்கிறது என்பதை அது சொல்லாது. நூலை அகலமாக, மெல்லிசாக இழுத்துப் பின்னினாலும் ஐம்பது வந்துவிடும்.

ஒரு சாண் நீள ஸ்கேலும் கத்தரிக்கோலும் போதும். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.2 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 120 கிராம், 0.9 என்றால் 90. நாலாயிரம் சதுர மீட்டர் பந்தலுக்கு முதலாவதில் 480 கிலோ, இரண்டாவதில் 360 கிலோ நூல். "விலை கம்மி" என்பதில் பெரும்பகுதி அந்த 120 கிலோதான்.

அதே துண்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, காற்றுக்குமிழி போகக் கசக்கி விடுங்கள். வலை நூலுக்கான பிளாஸ்டிக் எச்டிபிஇ; கலப்பில்லாததென்றால் மிதக்கும். அதன் அடர்த்தி 0.95 அளவுதான். மூழ்கினால் சுண்ணாம்புத்தூள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எடையில் எட்டு சதவீதம் கலந்தாலே தண்ணீரை விடக் கனமாகிவிடும். எடையும் கூடிக் காட்டும் என்பதால் இந்தச் சோதனையைத் தராசோடு சேர்த்தே செய்ய வேண்டும்.

இந்த எடைக்குறைப்பு எங்கிருந்து வருகிறது? கச்சா எண்ணெயில் கிடைக்கும் நாப்தாவிலிருந்து எத்திலீன் வாயு, அதிலிருந்து பிளாஸ்டிக் குருணை, குருணையை உருக்கி இழுத்தால் நூல். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நாம் இறக்குமதிதான் செய்கிறோம். குருணையிலும் ஒரு பங்கு வெளியிலிருந்தே வருகிறது. கச்சா ஏறினால் குருணை ஏறும். ஆனால் கடையில் சதுர மீட்டர் விலையை ஏற்றினால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் விலை நிற்கிறது, நூல் இளைக்கிறது. செயற்கை இழைத் தொழிலின் பொருளாதாரம் விவசாயியைத் தொடுவது இப்படித்தான், பில்லில் தெரியாமல். 2020இல் 1,480 கோடி ரூபாயில் தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் அறிவித்தார்கள். வேளாண் ஜவுளியும் அதில் ஒரு பிரிவு. நிழல்வலைக்கு ஐஎஸ் 16008 என்ற தரமும் இருக்கிறது: முதல் பாகம் டேப் நூலுக்கு, இரண்டாம் பாகம் மோனோ நூலுக்கு. கடையில் அந்த எண்ணைக் கேட்பவர் அபூர்வம்.

டேப் என்பது ஃபிலிமைக் கீறி எடுத்த பட்டை நூல். மோனோ உருண்டை நூல். இரண்டையும் சூட்டில் பல மடங்கு நீட்டித்தான் பலம் ஏற்றுகிறார்கள். நீட்டியது போதாவிட்டால் வலை தொய்யும், அதிகமானால் பட்டை நீளவாக்கில் நார்நாராகப் பிளக்கும். நீட்டிய பிறகு சூட்டிலேயே கொஞ்சம் தளர விடாத நூல் வெயிலில் சுருங்கி, ஓரக் கயிற்றை இழுத்துக் கிழிக்கும். கட்டின முதல் கோடையிலேயே ஓரம் கிழிந்தால், காற்றைத் திட்டுவதற்கு முன் இதைச் சந்தேகப்படுங்கள்.

வெயிலைத் தாங்குவதில் கறுப்பு வலைதான் கெட்டி. அதில் கலக்கும் கரித்தூளே புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்ளும். பச்சை, வெள்ளை வலைகள் நூலில் கலக்கும் யூவி மருந்தை, அதாவது புற ஊதாக் கதிரின் சேதத்தைத் தடுக்கும் மருந்தை, நம்பி நிற்பவை. அந்த மருந்துக்குப் பெரிய எதிரி கந்தகம். ஓசூர், தளி பக்கம் ரோஜாவிலும் குடைமிளகாயிலும் சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்காத தோட்டம் குறைவு. புகையாகப் போட்டால் வலை முழுக்கப் படியும். கந்தகம் அமிலமாக மாறும், அந்த அமிலத்தில் மருந்து செத்துவிடும். நனையும் தூளைச் செடிமேல் மட்டும் அடித்தால் சேதம் குறையும்.

இன்னொரு இடம், வலை குழாயைத் தொடும் கோடு. மத்தியான வெயிலில் இரும்பு சுடும், அந்தக் கோட்டில்தான் முதலில் பொடியும். குழாயின் மேல்பக்கம் வெள்ளை பெயிண்ட் ஒரு கை அடித்து, பழைய வலைத் துண்டைச் சுற்றி, அதன்மேல் புது வலையை இழுத்துக் கட்டுங்கள்.