ஜோலார்பேட்டை பரணில் ஒரு மஸ்டாங், ஒரு டீஸ்கோ

மே 11, 2025, ஞாயிறு

கிட்டார் பழுதுபார்க்கிற எனக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா போன் செய்திருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்த அவருடைய கணவர் இறந்து சில வருடம் ஆகிறது, பரணில் அவருடைய கிட்டார் ரெண்டு இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இப்படிக் கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் கழுத்து வளைந்த, மின்சாரம் வேண்டாத அக்கூஸ்டிக் கிட்டார்தான் கிடைக்கும். அந்த நினைப்பில்தான் காட்பாடியில் ரயில் ஏறினேன்.

கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது ஒரு மஸ்டாங், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் எலெக்ட்ரிக் கிட்டார். பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த இன்னொன்று டீஸ்கோ என்ற ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார். இரண்டிலும் ஒரு திருகுகூட மாறவில்லை. மஸ்டாங் என்பது 1964-ல் படிக்கிற பிள்ளைகளுக்காக ஃபெண்டர் கொண்டுவந்த சின்ன கிட்டார், ஒவ்வொரு பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தனியாக ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து (கே.ஜி.எஃப்.) வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு நண்பர் விட்டுவிட்டுப் போனதாம்.

"வாசிச்சு முடிச்சா கம்பியெல்லாம் தளர்த்திட்டுதான் மூடுவாரு தம்பி, எங்களைத் தொடவே விடமாட்டாரு" என்றார் அந்த அம்மா. பெட்டியில் காய்ந்த வேப்பிலை கிடந்தது. நாப்தலின் உருண்டை போடாமல் விட்டாரே, அதற்கே அவரைக் கும்பிடவேண்டும், அந்த ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

மே 12, திங்கள்

இரண்டையும் பட்டறைக்குக் கொண்டுவந்து மஸ்டாங்கைத் திறந்தேன். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 137 என்று ஆரம்பிக்கும் எண். 137 என்றால் அந்தக் கண்ட்ரோலைச் செய்த சி.டி.எஸ். கம்பெனி, அடுத்த இரண்டு இலக்கம் வருடம், அதற்கடுத்தது வாரம். இதில் 66. ஆனால் இதை மட்டும் வைத்து 1966 கிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது, ஃபெண்டர் அந்த வருடம் கண்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிப்போட்டுப் பல வருடம் அதையே மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு போல்ட்டைக் கழற்றி கழுத்தின் அடியைப் பார்த்தால் நவம்பர் 67 என்று முத்திரை! சால்டரிங் எல்லாம் மங்கலாக, யாரும் சூடு காட்டாமல் அப்படியே இருக்கிறது. பிக்கப் இரண்டும் மல்டிமீட்டரில் உயிரோடு இருக்கின்றன.

அப்புறம் முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினேன். வெளியே வெண்ணெய் நிறத்தில் இருக்கும் உடம்பு அதற்குக் கீழே சுத்த வெள்ளை. அந்தக் கால நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் வெளிச்சத்திலும் காற்றிலும் வருடக்கணக்கில் மஞ்சளாகும், மெல்லிய கோடுகளாக வெடிக்கும். இந்த மஞ்சள் தானாக வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் கடற்கரைப் பக்கம் இருந்திருந்தால் உப்புக்காற்று கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் திருகுகளையும் தின்றிருக்கும். இங்கே துரு பேருக்குத்தான் இருக்கிறது. வெயில் வேறு விதத்தில் வேலையைக் காட்டியிருக்கிறது: கழுத்தின் மேல் உள்ள ஈட்டி மரப் (ரோஸ்வுட்) பலகை சுருங்கி, அதில் பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகளின் நுனிகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறுகின்றன. அந்த வருடங்களில் ஃபெண்டரில் பெரும்பாலும் இந்திய ஈட்டிதான். நம் பக்கத்து மரம் கலிபோர்னியா போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

மே 15, வியாழன்

வேலை ஓடவில்லை. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பாதி ஊர் அங்கே. திருவிழா ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த எத்தனை பேர் வீட்டுப் பரணில் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ.

மே 18, ஞாயிறு

அந்த அம்மாவின் பேரன் வந்தான், கல்லூரியில் படிக்கிறான். மஸ்டாங்குக்கு சிவப்பு பெயின்ட் அடித்து, புது பிக்கப் போட்டு, புதுசு மாதிரி ஆக்கித் தரச் சொன்னான். ஏதோ ஒரு கடையில் அப்படிச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினேன், கழுத்து முத்திரை, தகட்டுக்கடியில் இருந்த வெள்ளை, அவன் தாத்தா கட்டைவிரல் உரசித் தேய்ந்த இடம். மறுபடி பெயின்ட் அடித்தால் விலை கிட்டத்தட்ட பாதியாக விழும் என்றும் சொன்னேன், ஆனால் எனக்கு விலை இரண்டாவதுதான். இந்த மாதிரி கிட்டார் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள, யாரும் கைவைக்காத ஒன்று எங்காவது மிஞ்சவேண்டும். சால்டரிங்கை ஒருமுறை உருக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விட்டது.

"அப்போ வாசிக்கவே கூடாதா அண்ணா?" என்றான். நல்ல கேள்வி. தாராளமாக வாசிக்கலாம், அதற்குத்தானே செய்தார்கள்.

மே 24, சனி

டீஸ்கோவில் ஒரு பிக்கப் ஊமையாக இருந்தது. தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி, சுற்றின் வெளி முனையில் அறுந்திருந்தது. ஒரு சுற்றை மட்டும் பிரித்து, எனாமல் பூச்சைச் சுரண்டிப் பற்றவைத்தேன், புதிதாகச் சுற்றவில்லை. சத்தம் வந்ததும் கத்தியேவிட்டேன், கொஞ்சம் கரகரப்பு, நடுவில் மணி மாதிரி ஒரு நாதம், இப்போது வரும் கிட்டார்களில் இது இல்லை. இரண்டுக்கும் சுவிட்சில் கிளீனர் அடித்து, கம்பி மாற்றினேன். மஸ்டாங்கில் ஃபிரெட் நுனிக்கு மட்டும் அரம் போட்டேன், இல்லாவிட்டால் வாசிக்கவே முடியாது. கழற்றிய பழைய கம்பிகளைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

டீஸ்கோ பேரனுக்கு. மஸ்டாங்கை விற்பதில்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார், பெயின்ட் பேச்சும் போய்விட்டது. மழைக்காலத்தில் ஒரு தரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், மரம் ஈரம் இழுத்து கழுத்து கொஞ்சம் அசையும்.

அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு பக்கம் யார் வீட்டிலாவது இப்படி இருந்தால் எழுதுங்கள். எதையும் கழற்றாமல், துடைக்காமல், போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்கள், நானே வருகிறேன்.