விக்கைக் கழற்றும் காட்சி

மார்ச் 3
நான் மேடையில் பெண் வேடம் போடுவதைப் பற்றி எடுக்க டிவி படப்பிடிப்புக் குழு வந்து போய்விட்டது. ஆறு நிமிடத் தொகுப்பாம். எப்போது வரும் என்று கேட்டால் 'சொல்றோம்' என்கிறார்கள்.

மார்ச் 4
தூக்கமே இல்லை. கண்ணாடி முன்னால் உட்காருங்கள், விக்கை மெதுவாகக் கழற்றுங்கள், அப்புறம் உங்களையே கொஞ்ச நேரம் பாருங்கள் என்றார் நிருபர். மூன்று டேக். மூன்றாவதில் 'இன்னும் கொஞ்சம் சோகமா' என்றார். எனக்கு என்ன சோகம்? விக்குக்குள் தலை அரித்தது. கழற்றியதும் அப்பாடா என்று இருந்தது. அந்த முகம்தான் அவருக்கு வேண்டாமாம்.

ஒப்பனையையும் எடுத்தார்கள். புருவ முடியை மேல்நோக்கிச் சீவி, க்ளூ ஸ்டிக்கைத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, பவுடர் வைத்து அழுத்தினால்தான் புருவம் மறையும். அதன் மேல் ஃபவுண்டேஷன். ஒரு விரற்கடை தள்ளிப் புதுப் புருவம். என் இடது புருவம் மட்டும் என்றைக்கும் அடங்காது. நேற்றும் ஓரம் தூக்கிக்கொண்டது. அது படத்தில் விழுந்திருக்குமோ?

மார்ச் 5
போன் வரவில்லை.

மார்ச் 8
அக்காவுக்குக் கோபம். மேடையேறினால் அவர் அண்ணன். மீசையை ஒட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு நின்றால் என்னைவிட அவருக்குத்தான் விசில் அதிகம். நிருபர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த லைட்டைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? பிடித்தார்.

"படத்துல எங்களுக்கு ரெண்டே வேலைதான். சாகணும், இல்லேன்னா விளக்குப் பிடிக்கணும்."

அவர் கண்ணாடி ஓரத்தில் ஸ்டோர்மே டெலாவெரி படம் செருகியிருக்கிறது. 1955 முதல் 1969 வரை அமெரிக்காவின் ஜுவல் பாக்ஸ் ரெவ்யூ என்ற மேடைக் குழுவில், பெண் வேடமிட்ட 25 ஆண்களுக்கு நடுவே ஆண் உடையில் நின்று நிகழ்ச்சியை நடத்தியவர். 25 ஆண்கள், ஒரு பெண் என்றுதான் விளம்பரமே. அந்தப் பெண் யார் என்று பார்க்க வந்தவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியது.

மார்ச் 11
1961இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். அங்கே 1934 முதல் கறாராக நடந்த தணிக்கை விதி, ஒருபால் ஈர்ப்பு பற்றி மூச்சு விடக்கூடாது என்றது. 1961 அக்டோபரில்தான் தளர்த்தினார்கள். தளர்த்திய கையோடு வந்த படம் இது. இரண்டு ஆசிரியைகள். ஒருத்தி மற்றவளிடம் காதலைச் சொல்லிவிட்டு அழுகிறாள். அப்புறம் தூக்குப் போட்டுக்கொள்கிறாள்.

அக்கா பாதியிலேயே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

மார்ச் 12
வில்லியம் டார்சி ஸ்வான் நினைப்பாகவே இருக்கிறது. அடிமையாகப் பிறந்தவர். வாஷிங்டனில் ஆண்களை கவுன் உடுத்த வைத்து நடன விருந்து நடத்தி, 1888இல் கைதானார். 1896இல் மறுபடி சிறைத் தண்டனை. அதிபர் க்ளீவ்லாந்திடம் மன்னிப்பு கேட்டு மனுப் போட்டும் கிடைக்கவில்லை. அந்த விருந்துகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அவர்களைக் கேலி செய்த பத்திரிகைகள் எழுதி வைத்ததுதான். என்ன சிரித்தார்கள், எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள், யாருக்குத் தெரியும்?

நூறு வருடம் கழித்து என்னைத் தேடுகிறவனுக்கும் இந்த ஆறு நிமிடம்தான் அகப்படுமோ.

மார்ச் 15
ஒத்திகை. இடது புருவம் அடங்கியது!! வழவழவென்று, முட்டை ஓடு மாதிரி. நாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் சிரிப்பு.

மார்ச் 17
நாளை இரவு 9 மணிக்காம். அம்மாவிடம் 'டிவியில வர்றேன்' என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

மார்ச் 18
நான்கே நிமிடம். விக் இரண்டு முறை கழன்றது, தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. பின்னால் பியானோ. அரங்கமே உருண்டு சிரித்த என் ஜோக் இல்லை. அக்காவின் தோள்பட்டை ஒரு நொடி வந்தது.

மார்ச் 19
அம்மா போன். முதல் கேள்வியே, "புருவம் எங்கடா போச்சு?" க்ளூ ஸ்டிக் கதையை முழுக்கச் சொன்னேன். தண்ணியில போயிடுமா, முடி கொட்டாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கும்போதுதான், "கண்ணாடி முன்னால ஏன்டா அழுத?"

"அழலம்மா. தலை அரிச்சுது."

நம்பவில்லை.

மார்ச் 21
க்ளூ ஸ்டிக் தீர்ந்துவிட்டது. நாளை ஷோ.